கிழிபடும் தாள்

அறைக்குள் கொப்பித் தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

எனக்கு ஏழு வயதில் அந்தச் சத்தம் அம்மாவின் கையிலிருந்து வரும். துறைமுகம் தெரியும் ஜன்னலோரம், அழிறப்பர் மணக்க மணக்க எழுதுவேன். ஓர் எழுத்து கோட்டைத் தாண்டினால் போதும். அம்மா கத்தமாட்டார், அடிக்கவும் மாட்டார். தாளை மெதுவாகக் கிழிப்பார்.

"வடிவா எழுத ஏலாதோ பிள்ளை? திருப்பி எழுது."

கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தால், நடுத்தையலுக்கு மறுபக்கமுள்ள தாளும் கழன்று வந்துவிடும். ஒரு பிழையுமில்லாத அந்தத் தாளையும் நான் திருப்பி எழுதவேண்டும். ஜன்னலுக்கு வெளியே கப்பல் வந்து, சாமான் இறக்கி, போயும்விடும். நான் எழுதிக்கொண்டிருப்பேன். வயிறு நோகும். ஒருவரிடமும் சொன்னதில்லை.

என் பிள்ளையின் கொப்பியை ஒருநாளும் கிழிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். கிழித்ததுமில்லை. எழுத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவதோடு சரி.

அறைக்குள் போனேன். மகளின் மடியில் இரண்டு தாள்கள் கிடந்தன.

"ஏன் பிள்ளை கிழிச்சனீங்கள்?"

"ஒரு எழுத்து வடிவில்லை அம்மா. நீங்கள் பார்க்க முதல் நானே கிழிச்சிட்டன்."

ஒரு கையால் வயிற்றை அமத்திக்கொண்டு, மறு கையால் அவள் திருப்பி எழுதத் தொடங்கியிருந்தாள்.