பூகம்பம் போடாத பாட்டு

பாட்டை ஓடவிட்டுவிட்டு, அறைக் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு, நடைவழியில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறார் பூகம்பம். கண் மூடியிருக்கிறது. வலது குதிகால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. துணி காயப்போடப் போகும் மனைவி ஈரப் போர்வையோடு அவரைச் சுற்றிக்கொண்டு போகிறாள். பதினான்கு வருஷமாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். "உள்ள உட்கார்ந்து கேட்டா எல்லாப் பாட்டும் நல்லாத்தான் இருக்கும். கதவுக்கு வெளியவும் நிக்குதா, அதான் பாட்டு" என்பது அவர் கட்சி.

பூகம்பம் என்பது மாடிவீட்டுக்காரர்கள் வைத்த பெயர். இவர் கீழே தாளம் பார்க்கும்போது மேலே அவர்கள் வீட்டு அலமாரியில் தம்ளர்கள் நகருமாம். மேடைக்கென்று வேறொரு பெயர் வைத்திருந்தார், யார் வாயிலும் நுழையாத பெயர். அது எந்தச் சுவரொட்டியிலும் இப்போது இல்லை. பூகம்பம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

நாற்பத்தொரு வயது. முடி பின்வாங்கப் பின்வாங்கத் தொப்பி முன்னேறி வந்திருக்கிறது. ஒன்பது கறுப்பு டீஷர்ட். ஒன்பதும் ஒரே மாதிரி. ஸ்பீக்கர் பெட்டி தூக்கும் வேலையில் சேர்ந்து, வயரைச் சுற்றக் கற்று, பிறகு டீஜே ஆனவர். ஒரே ஒருமுறை, பெரிய மைதானத்தில், பெரிய தலைகள் மேடையேறுவதற்கு முன்னால் கால் மணி நேரம் கூட்டத்தை ஆட வைத்தார். "கீழ பார்த்தா மண்ணே தெரியல, அத்தனை கை" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மைதானம் அப்புறம் கூப்பிடவில்லை. கடைத் திறப்பு, கல்லூரி விழா, கம்பெனி விருந்து என்று வண்டி ஓடுகிறது.

வெளியே தெரியாத பிழைப்பு ஒன்றும் உண்டு. பெயர் பெற்ற டீஜேக்களுக்குப் பாட்டு செய்து கொடுப்பது. செய்வது இவர், பெயர் அவர்களுடையது. கொடுத்த பிறகு அந்தப் பாட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பூகம்பம் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்.

விழாக்களில் யார் எதைக் கேட்டாலும் போடுவார், ஒரு பாட்டைத் தவிர. ஊரெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும் பாட்டுதான். தாளம் ஏறி ஏறி உச்சிக்குப் போய், சட்டென்று எல்லாம் அடங்கும். அந்த வெறுமையில் கீச்சுக் குரலொன்று "போதும்டா" என்னும். அடுத்த கணம் இடி இறங்கும். அந்தச் சொல்லுக்காகவே கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். போன மாதம் ஒரு கல்லூரியில் மாணவி ஒருத்தி மேடைக்கு ஏறியே வந்துவிட்டாள். "என்ன சார் டீஜே நீங்க, அந்தப் பாட்டுகூடத் தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றார் பூகம்பம்.

அது இவர் செய்த பாட்டு. அந்தக் குரல் இவருடைய அக்காவின் குரல்.

அக்கா இவரைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்தவள். இன்றைக்கும் இவர் வீட்டில்தான் இருக்கிறாள். தொண்டை என்றால் அது தொண்டை. இரண்டு சுவருக்கு அப்பாலிருந்து "போதும்டா, காது போகுது" என்று அவள் போட்ட ஒரு சத்தத்தை, அணைக்க மறந்த மைக் பிடித்துக்கொண்டது. பாடகி கிடைக்கும்வரை இடத்தை அடைத்து வைப்போம் என்று முதல் சொல்லை மட்டும் வெட்டி, சுருதியை ஏழு படி தூக்கி, தாளம் அடங்கும் இடத்தில் வைத்தார். வாங்க வந்த நட்சத்திர டீஜே, இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர், கேட்டதும் சொன்னார்: "குரலை மாத்தாதீங்க. பாட்டே அதுதான்." ஒப்பந்தப்படி மூலப் பதிவுகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, தன்னிடம் இருந்ததை அழிக்க வேண்டும். நாணயஸ்தர், அழித்தார்.

ஆறு மாதத்தில் அக்காவின் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தார்கள். உயிர் தங்கியது, சத்தம் போய்விட்டது. கழுத்துத் துளையை மறைத்துக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, நோட்டில் எழுதிக் காட்டுகிறாள். நோட்டு பக்கத்தில் இல்லாவிட்டால் கை பேசும். உள்ளங்கையை நிமிர்த்தினால் "போதும்" என்று அர்த்தம். ஆள்காட்டி விரலை வட்டமாகச் சுற்றினால் "இன்னொரு தடவை." பூகம்பத்தின் அறைப்பக்கம் உள்ளங்கை மட்டுமே வரும். அது வந்தால் அவர் நிறுத்திவிடுவார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "என் குரல் எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோச்சுடா. உங்கிட்ட எங்கயாச்சும் இருக்கா?"

"தேடிப் பார்க்கிறேன்க்கா" என்றார்.

தேடினார். வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் வீடியோ இருக்கிறது. அத்தனையிலும் அக்கா வாயைத் திறந்து சிரிக்கிறாள், யாரையோ அதட்டுகிறாள், தம்பி மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஏதோ சொல்கிறாள். ஒன்றிலும் சத்தம் இல்லை. வீட்டு இரைச்சல் அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாவற்றிலும் அசல் ஒலியைத் துடைத்துவிட்டுத் தன் இசையை ஏற்றி வைத்தவர் இவரேதான். வேறு எந்த வீட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்காது. போனில் குரல் அனுப்பும் வழக்கமும் அக்காவுக்கு இல்லை. "எனக்கு வாய் இருக்கு, நேர்ல பேசறேன்" என்பாள். அன்று பகல் முழுக்க அந்த வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் இசையை அவ்வளவு வெறுத்து அவர் கேட்டதில்லை.

கறுப்புக் கண்ணாடியின் மேனேஜருக்கு எழுதினார், பதில் இல்லை. நாலாவது வாரம் போனில் பிடித்தார்.

"பாட்டு வேண்டாம் சார். அந்த ஒரு வார்த்தையோட மூலப் பதிவு மட்டும் போதும். அது எங்க அக்கா."

"எந்தப் பாட்டுங்க?"

சொன்னார்.

"அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லையே. அப்படின்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"எங்க அக்காவுக்கு இப்பப் பேச வராது சார்."

"கேட்டுச் சொல்றேன்" என்று வைத்தவர்தான். மறுபடி கூப்பிட்டால் எடுப்பதில்லை.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள், எதையும் பட்டென்று சொல்லும் பழக்கம். "ஏழு படி ஏத்தினது நீங்கதான? நீங்களே இறக்குங்களேன்."

"உனக்குப் புரியாது. பிழிஞ்ச துணியை நீட்டினா புதுத் துணியாயிடுமா? வேற யாரோ பேசற மாதிரி வரும். அதைக் கொண்டுபோய் அவ முன்னால வைக்கச் சொல்றியா?" தொழில் தெரிந்தவருக்கு வரும் பயம் அது. இரண்டு மாதம் அந்தப் பாட்டைத் தொடாமல் இருந்ததும் அதனால்தான்.

இன்று காலை மனைவி வேலைக்குக் கிளம்பிய பிறகு, எல்லாரையும்போலக் காசு கொடுத்துத் தன் பாட்டை வாங்கினார். தாளம் அடங்கும் இடத்தை வெட்டினார். ஏழு படி இறக்கினார். முரசின் எச்சத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். காலைச் சாப்பாடு மேசையிலேயே ஆறியது. பதினொரு மணிக்கு அவர் கையில் மிஞ்சியது ஒரே சொல், குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அக்கா இல்லை. பிறகு பழக்க தோஷம், அதை ஓடவிட்டுவிட்டு எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"போதும்டா."

கதவின் பலகை கரகரப்பை வடிகட்டிக்கொண்டது. குடத்தின் எதிரொலி உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு சுவருக்கு அப்பாலிருந்து வந்த அந்தச் சத்தம், இப்போது ஒரு கதவுக்கு அப்பாலிருந்து வந்தது. பூகம்பத்தின் குதிகால் தட்டவில்லை. செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வருஷம் இந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தோம் என்று எண்ணிப் பார்த்தார்.

கண்ணைத் திறந்தபோது சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம். கழுத்துக் கைக்குட்டை வேகமாக ஏறி இறங்கியது.

"அக்கா... நல்லா வரலக்கா. நிறுத்திடறேன்" என்று கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

அக்கா வெங்காயத்தை அலமாரிமேல் வைத்தாள். அவர் கையைக் கைப்பிடியிலிருந்து விலக்கினாள். மூடிய கதவைப் பார்த்தபடியே ஆள்காட்டி விரலைத் தூக்கி, மெல்ல வட்டமாகச் சுற்றினாள்.