அஷ்டமிக்கு ஒத்துவராத சிலிக்கான்

என் பெயரில் இருக்கிற ஒரே சொத்து ஒரு பழைய டீசல் ஜீப். நிலம் மாமனார் பெயரில், வீடு கணவர் பெயரில். ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்தான் நான் இருக்கிறேன். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் இருக்கும் எங்கள் காட்டிலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டி வருவேன். அதை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஆனால் குறை இருந்தது. இஞ்சினின் தலையில் மூடிபோல உட்கார்ந்திருக்கும் டாப் கவரின் ஓரத்தில் ஆயில் கசியும். கசிந்த ஆயில் சூடான சைலன்சர் குழாயில் பட்டுப் புகையும். போன வருடம் குலதெய்வப் பொங்கலுக்கு என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், சென்னையிலிருந்து ரயிலில் வந்தார். அரியலூர் ஸ்டேஷனிலிருந்து நான்தான் அழைத்து வந்தேன். ரயில்வே கேட்டில் காத்து நிற்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து புகை கிளம்பி உள்ளே வந்துவிட்டது. "ஐயையோ, டப்பா பத்திக்கிச்சு!" என்று கத்திக்கொண்டே குதித்தவர், பட்டுப்புடவையோடு டவுன் பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. என் ஜீப்பை அண்ணி ஒரு நாளும் வண்டி என்று சொன்னதில்லை. டப்பாதான்.

இந்த வருடமும் வருகிறேன் என்று போன் செய்தார். போனை வைத்ததும் என் கணவர் சொன்னார்: "இந்தத் தடவ அக்கா இருக்கும்போது பொகை வந்துச்சு, பழைய இரும்புக்குப் போட்டுட்டுதான் மறுவேலை." என் பெயரில் இருப்பதை இவர் எப்படிப் போடுவார் என்று வாய்வரை வந்தது. ஆனால் மனுஷன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரெண்டு நாள் உட்கார்ந்தால் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பயமே அதுதான்.

அரியலூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். இஞ்சினையே இறக்கிப் பிரித்துக் கோத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போனபோது டாப் கவர் மட்டும்தான் பாக்கி. அண்ணிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில்.

"கவர் தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சு கெடக்குக்கா. நடுவுல வைக்கிற கார்க்கு கேஸ்கட் மட்டும் வச்சா ஆயில் நிக்காது. கூட பசை போடணும்" என்றார் மெக்கானிக்.

பட்டறை மேஜையில் மூன்று பசைகள் இருந்தன. ஒன்று சிவப்பு. உடனே காய்ந்து கல்லாகிவிடும், அடுத்த தடவை கழற்ற உளி வேண்டும். இன்னொன்று கறுப்பு. அது எந்தக் காலத்திலும் காயாது, சூடேறினால் ஒழுகும். மூன்றாவது ஒரு சிலிக்கான் ட்யூப். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து தன் வேனை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாய், லீவில் வரும்போது துபாயிலிருந்து கொண்டுவந்தது. "அங்க அடிக்கிற வெயிலுக்கே இதத்தான் போடுறாங்கம்மா. இன்ஷா அல்லா, ஒரு சொட்டு வராது" என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அதற்குள் பட்டறை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம்மூரில் பானெட் திறந்திருந்தால் போதுமே! ஒரு சிமெண்டு லாரி டிரைவர், "துணி சோப்ப வச்சுத் தேச்சு வுடுங்கக்கா, என் டீசல் டேங்க்குக்கே சோப்புதான்" என்றார். டீ கொண்டுவந்தவர் மைதாப் பசை என்றார். "போஸ்டரா ஒட்டப் போறோம்? டீய வச்சுட்டுப் போங்க" என்றேன்.

எனக்குச் சிலிக்கான்தான் பிடித்தது. காய்ந்தாலும் ரப்பர்போல வளைந்துகொடுக்கும், நெளிந்த தகட்டுக்கு அதுதான் சரி. ஆனால் நூல்போல மெல்லிசாகப் போட வேண்டும். முன்பு பெரம்பலூரில் ஒருவர் தோசைக்குச் சட்னி ஊற்றுவதுபோல அள்ளிப் பூசி, மிச்சம் உள்ளே பிதுங்கி விழுந்து ஆயில் சல்லடையை அடைத்துவிட்டது. பிரித்தபோது புழு புழுவாக எடுத்தோம். நினைத்தாலே எரிகிறது.

ட்யூபின் முதுகைப் படித்தேன். பூசியபிறகு ஒரு நாள் முழுக்க இஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று போட்டிருந்தது. மெக்கானிக் உடனே சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். ட்யூபைக் கீழே வைத்துவிட்டுச் சிவப்புப் பசையைக் கையில் எடுத்தார்.

"என்னங்க?" என்றேன்.

"நாளைக்கு அஷ்டமி. நாளன்னைக்கு நவமி. பிரிச்ச இஞ்சின அன்னைக்கு நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேங்க்கா. இன்னைக்குச் சாயங்காலம் நல்ல நேரம் இருக்கு. அதுக்குள்ள காயறது செவப்புதான்."

"பசைய இஞ்சினப் பாத்துப் போடுவாங்களா, காலண்டரப் பாத்துப் போடுவாங்களா?"

"ரெண்டையும் பாத்துதான்க்கா போடணும்."

அந்த நேரம் பார்த்து என் கணவர் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. துணியில் ஒரு புள்ளி அழுக்குப் பட்டாலும் வீட்டைத் தலைகீழாக்குகிற ஆள். கையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், பூ. "அவர் சொல்றது சரிதான். அஷ்டமில எல்லாம் வேண்டாம்" என்றார். இரண்டு பேரும் கூட்டு! நெளிந்த தகட்டில் அந்தச் சிவப்புப் பசை கல்லாகி, முதல் குலுக்கலிலேயே வெடித்துவிடும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. வெடித்தால் கசியும், கசிந்தால் புகையும். ஜீப் போயே போய்விடும்.

எனக்கு ஆத்திரத்தில்தான் மூளை வேலை செய்யும். "சரி, நல்ல நேரத்துல ஸ்டார்ட் பண்ணணும், அவ்ளோதானே? டாப் கவரு இல்லாமலே பண்ணுங்க. ஒரே ஒரு தடவ. உடனே ஆஃப் பண்ணிட்டு அப்புறம் சிலிக்கான் போட்டு மூடுங்க. ஞாயித்துக்கிழமை நான் பண்றது ரெண்டாவது ஸ்டார்ட்டு. ரெண்டாவதுக்கு என்ன அஷ்டமி, என்ன நவமி?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். காலண்டரைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். "நம்ம கணக்குப்படி தப்பில்லைங்க" என்றார் பாய். அவருக்கும் அஷ்டமிக்கும் என்ன சம்பந்தமோ!

நல்ல நேரம் வந்ததும் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினோம். மூடியில்லாத இஞ்சினைப் பார்க்க என் கணவர் ஆசையாகக் குனிந்தார். "தள்ளி நில்லுங்க சார்" என்று மெக்கானிக் சொல்வதற்குள் நான் சாவியைத் திருப்பிவிட்டேன். சந்தோஷத்தில் கால் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டது. சளேரென்று ஆயில் எழும்பி அவர் சட்டை முழுக்க அடித்தது. எழுந்த சிரிப்பில் டீக்கடையிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிலிக்கானை நூல்போல நானே போட்டேன், மெக்கானிக் கவரை மூடினார். ஜீப்பைப் பட்டறையில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பியபோது கணவர் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையிலிருந்து ஜீப்பை எடுத்துப்போய் ஸ்டேஷனில் அண்ணியை ஏற்றிக்கொண்டோம். அவர் முன்சீட்டில், கணவர் பின்னால். அண்ணி மூக்கருகே கைக்குட்டையை வைத்துக்கொண்டு, எந்நேரமும் குதிக்கிற மாதிரி ஒரு கையைக் கம்பியில் போட்டிருந்தார். அதே ரயில்வே கேட். மூடியிருந்தது. நான் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற சிமெண்டு லாரி ஒரு முக்கு முக்கிக் கறுப்பாகப் புகையைக் கக்கியது.

"வந்துடுச்சு பாரு, வந்துடுச்சு! தம்பி, எறங்குடா!" அண்ணி ரோட்டில் நின்றார்.

"அது லாரி அண்ணி!" என்றேன். யார் கேட்டார்கள்? பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஜன்னலுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் கணவர் இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். குனிந்து, டாப் கவரின் ஓரம் முழுக்க, சுற்றிலும், விரலால் அழுத்தித் தடவினார். அந்த விரலை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அப்புறம் அதைத் தன் சலவை வேட்டியில், முழங்காலுக்கு மேலே, நன்றாகத் தேய்த்துக் காட்டினார். வேட்டியில் ஒன்றுமில்லை. அரியலூர்ச் சிமெண்டுத் தூசி மட்டும் லேசாக ஒட்டியிருந்தது.

"என் பொண்டாட்டி போட்ட பசைக்கா. கசியாது" என்றார்.

அண்ணி வேட்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். எனக்குக் கண்ணெல்லாம் மங்கலாக இருந்தது, கியர் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"என்னம்மா பாத்துட்டு இருக்க? கேட் தொறந்துட்டான், வண்டிய எடு" என்றார் அண்ணி.