முதுசமும் செல்லும்

ஊர்க் கோயில் தேரன்று சீனவெடி வெடித்ததும் என் மகள் மயங்கி விழுந்தாள். "பிள்ளைக்கு உரு வந்திட்டுது" என்று இரண்டு பெண்கள் கைகூப்பினார்கள். ஒருத்தி தன் மகனுக்கு விசா கிடைக்குமா என்றும் கேட்டுப் பார்த்தாள். அந்த நேரம் என் பிள்ளையின் இதயம் தாளம் தப்பிக் கிடந்தது. ஏதோ மனம் வந்து அது தானாகத் திரும்பியது.

டொக்டர் ஈசிஜியைப் பார்த்தார். பரம்பரைக் கோளாறு, திடீர்ச் சத்தம் கூடாது, அடுத்த முறை இதயம் திரும்பும் என்று நம்பியிருக்க வேண்டாம் என்றார். தாய் தகப்பனையும் சோதிக்க வேண்டுமாம்.

வீட்டில் உடனே காணி வழக்குத் தொடங்கியது. பழுதான இந்தப் பரம்பரையலகு, அதுதான் மரபணு, என் பக்கத்தில் வழிவழியாக வந்த முதுசமா, மனைவி கொண்டுவந்த சீதனமா?

"என்ரை சீதன உறுதியிலை வீடும் வளவும்தான் கிடக்கு. வருத்தம் எழுதேல்லை."

"எங்கடை ஆக்கள் எல்லாரும் கிழண்டுதான் செத்தவை" என்றேன். சித்தப்பாவைக் கணக்கில் சேர்க்கவில்லை. எறிகணையை நாங்கள் செல் என்போம். மூன்று வயல் தள்ளி ஒரு செல் விழ, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் அவர் செத்துப்போனார். பயந்தாங்கொள்ளி என்று சொல்லி அடக்கம் செய்தோம்.

கனடாவிலிருந்து அண்ணை வீடியோவில் வந்தார்.

"யோசியாதை தம்பி. பிழையான பரம்பரையலகையே திருத்திறாங்களாம். ஸ்டெம் செல்லிலை இதயம் வளர்த்து, தட்டிலை துடிக்குதாம்."

செல்லைப் பற்றி ஒரு நல்ல செய்தி கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

"ஆருக்கண்ணை திருத்தினவை?"

"இப்போதைக்கு எலிக்கு."

எலி சுகமாம்.

"அண்ணை, நீங்களும் உங்கடை மகளும் ஒரு ஈசிஜி எடுங்கோவன்."

"அவளுக்குக் கலியாணம் பேசுறம். உதைக் கிளறாதை." உடனே திரை உறைந்துவிட்டது. கனடாவில் இணையம் அவ்வளவு மோசம்.

மனைவியின் ஈசிஜி குற்றமற்றது. என்னுடையதை டொக்டர் மகளுடையதோடு சேர்த்துப் பிடித்தார். ஒரே கையெழுத்து.

"காணியெல்லாம் பெரியப்பாவுக்கு விட்டிட்டு, முதுசத்திலை இதை மட்டும் எனக்கு வாங்கித் தந்தியளோ அப்பா?" என்றாள் மகள்.

எலிக்கு அடுத்தது எங்கள் முறையா என்று கேட்டேன். டொக்டர் குளிசை எழுதித் தந்தார்.

அண்ணையின் மகளுக்கு ஊரில்தான் கலியாணம். எங்கள் ஈசிஜிகளை என் மகள் நேரே அவளுக்கே அனுப்பிவிட்டாள். பார்த்ததற்கு அடையாளம் வந்தது, பதில் இன்னும் வரவில்லை. கலியாணத்துக்கென்று அண்ணை சொல்லிவைத்த வெடிப் பெட்டிகள் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. கிணற்றடித் தொட்டியில் ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டிருக்கிறேன்.