என் வாய்க்குக் கிடைத்த வேலை

மன்னாரில் புதுப் பாலம் திறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, இலுப்பைக்கடவையில் இருக்கும் என் மச்சாளைப் பார்க்க மன்னாரில் பஸ் ஏறினேன். ஏறிய கையோடு கண்டக்டருடன் சண்டை. நான் கைலேஞ்சித் துணியை விரித்துப் பிடித்துவைத்த இடத்தில் அவர் வேறொருவரை இருத்திவிட்டார். விடுவேனா? பாலம் தாண்டும்வரை பேசி என் இடத்தை வாங்கினேன். வீட்டில் எனக்கு வாய்க்காரி என்றுதான் பெயர்.

பக்கத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். பட்டுச்சேலை, மடியில் ஒரு பை, பைக்குள் அவள் தைத்த சின்ன வெள்ளைச் சட்டை. அக்காவின் பிள்ளைக்கு அன்று ஞானஸ்நானம், இவள்தான் ஞானத்தாய். சட்டையை விரித்துக் காட்டிப் பூரித்துப்போனாள். பிறகு, பையைக் கொஞ்சம் பிடியுங்கோ என்று கேட்பதுபோலச் சாதாரணமாக இதைச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு இடைக்கிடை வலிப்பு வாறது. சட்டை தைச்சதிலை இராத்திரி நித்திரை இல்லை, இண்டைக்கு வந்தாலும் வரும். வந்தால் என்னைச் சரிச்சுப் படுக்கவைச்சு, தலைக்குக் கீழை மெத்தெண்டு ஏதும் வையுங்கோ. கை காலை அமத்திப் பிடிக்க வேண்டாம். வாய்க்குள்ளை ஒண்டும் வைக்க விடாதேங்கோ. அஞ்சு நிமிசத்துக்கு மேலை போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

கரப்பான் பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறுகிறவள் நான். அவளோ தொடர்ந்து பேசினாள். பிள்ளையை ஏந்தும் நேரம் விழுந்தால் என்ன செய்வது என்று அத்தானின் தாய் மறுத்தாராம். தங்கச்சிதான் ஞானத்தாய் என்று அக்கா பிடிவாதமாக நின்றாளாம். இன்றைக்குப் போகாமல் விட்டால் இனி ஒரு பிள்ளையையும் தன் கையில் தரமாட்டார்கள், அதனால் வலிப்பு வந்துபோனாலும் தன்னை ஞானஸ்நானம் நடக்கும் கோயிலடியில் இறக்கிவிடவேண்டும் என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில்தான் ஆட்டினேன்.

விடத்தல்தீவு தாண்டியதும் வந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம். உடம்பு விறைத்து என்மேல் சாய்ந்து, உதறத் தொடங்கிவிட்டாள். முன்னால் இருந்த பெண்ணின் உதவியோடு அவளை இருக்கைகளுக்கு இடையில் சரித்துப் படுக்கவைத்து, என் துவாயை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன். சாரதி பஸ்ஸை ஓரங்கட்டினார்.

அதற்குள் பஸ்ஸில் இருந்த எல்லோரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. நாலா பக்கமிருந்தும் சாவிக்கொத்துகள் நீண்டன. ஒருவர் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்த கரண்டியை அவள் பல்லுக்கிடையில் வைக்க வந்தார். பின்னால் இருந்த மீனவர் ஒருவர், உடைந்து ஒட்டுவேலைக்குக் கொடுத்து எடுத்துவந்த படகு நங்கூரத்தையே தூக்கிவந்து அவள் கையருகில் வைத்தார். பாவம், அவரிடம் இருந்த இரும்பு அதுதான்.

அப்போது என் வாய் திறந்தது.

"ஒருத்தரும் கிட்ட வரவேண்டாம். என்ன செய்யவேணும் எண்டு அவ எனக்குச் சொல்லி வைச்சவ. கரண்டியைப் பெட்டிக்குள்ளை வையுங்கோ."

காலையில் என்னிடம் வாங்கிக்கட்டிய கண்டக்டர்தான் முதலில் அடங்கினார். அடங்கியதோடு நிற்காமல், கைகளை விரித்து மற்றவர்களையும் மறித்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அது பெரிய வெள்ளி வழிபாடுபோல நீண்டது.

உதறல் நின்றது, மூச்சு சீரானது. கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்தாள். பஸ்ஸில்தான் இருக்கிறாய், பயப்படாதே என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெளிந்ததும் முதலில் கேட்டது சட்டை கசங்கியதா என்றுதான். பிறகுதான் நங்கூரத்தைக் கண்டாள்.

"இது என்னத்துக்கு அக்கா? நான் ஓடிப்போடுவன் எண்டோ?"

நங்கூரக்காரர்தான் எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் பஸ்ஸை ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொல்லிப் பாதிப்பேர் நின்றார்கள். வழக்கமாக வருவதுதான், இன்னொரு முறை வந்தால் நானே போவேன் என்றாள் அவள். கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். கோயிலுக்குப் போகட்டும் என்றேன். கோயில் வாசலில் அவளோடு நானும் இறங்கிவிட்டேன்; மச்சாள் எங்கும் ஓடிவிடமாட்டாள்.

உள்ளே போனதும் அவள் எதையும் மறைக்கவில்லை. அத்தானின் தாயிடமே நேராகச் சொன்னாள். அந்த அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தானே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து, ஞானஸ்நானத் தொட்டியடியில் வைத்தார்.

"இருந்துகொண்டு ஏந்து, பிள்ளை."

அவள் இருந்து ஏந்தினாள். கதிரைக்குப் பின்னால் கசங்கிய சேலையோடு நான் நின்றேன். பிள்ளையோ தண்ணீர் ஊற்றியதும் கத்தியது, பிறகு அவள் மடியிலேயே தூங்கிப்போனது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர்கள் வீட்டில் இருக்கும் அன்றைய படத்தில் யாரோ ஒருத்தியாக நானும் நிற்கிறேன்.

அந்த வருடமே எங்கள் பங்கு மண்டபத்தில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். முதல் வரிசையில் நான்தான். அங்கே வலிப்பைப் பற்றிச் சொல்லித்தந்தது முழுவதும் அவள் எனக்குப் பஸ்ஸில் சொன்னதுதான்.

அத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் சொன்னாய் என்று பிறகொருநாள் அவளைக் கண்டபோது கேட்டேன். "நீங்கள் கண்டக்டரோடை சண்டை பிடிச்சதைப் பார்த்தனான். உங்களைத் தாண்டி ஒருத்தரும் என்னட்டை வரமாட்டினம் எண்டு தெரியும்" என்றாள். யாராவது என்னை வாய்க்காரி என்றால் இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த வாயை நம்பித்தான் ஒருத்தி தன்னை என்னிடம் ஒப்படைத்தாள்.