புது சிஸ்டம் தின்ற இடம்

கம்ப்யூட்டரை இயங்கவைக்கும் சிஸ்டத்தைப் புதுசு புதுசாக விடுகிறார்களே, அதை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கித்தான் விடுகிறார்களா, நாம் பழைய மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கவேண்டும் என்பதற்காகவா என்று என் அக்கா பிள்ளைகள் ஒரு கல்யாணப் பந்தியில் விவாதம் பண்ணினார்கள். ஒருவன் ஆமாம் என்றான். இன்னொருவன், அதெல்லாம் கட்டுக்கதை, புது வசதிகள் வந்தால் இடம் பிடிக்கத்தான் செய்யும் என்றான். பாயசம் வருவதற்குள் கை கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எண்பதுகளின் பின்பாதியில் காந்தி வீதியில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியறை ஒன்றை எடுத்து நானும் அவனும் தட்டச்சுக் கடை நடத்தினோம். அவனை நேரில் நான் 'நீங்க' என்றுதான் பேசினேன். இங்கே 'அவன்' என்று எழுதுகிறேன். அந்த உரிமையாவது எனக்கு இருக்கட்டும். இரண்டு பேர் அப்பாவும் ஒரே பஞ்சாலையில் வேலை செய்தவர்கள். ஆலை மூடிக் கிடந்தது. அவன் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் முடித்தவள். கான்வென்ட்டில் படித்ததால் பிரெஞ்சும் தட்டுத் தடுமாறி வரும். சென்னையில் ஒரு கம்பெனி கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து வைத்தோம். டைப்ரைட்டர் வைத்திருந்தவர்களே மிரண்டுபோய்ப் பார்த்த காலம் அது.

எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்கள். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். அவர்களுக்குப் பிரான்சுக்கு பிரெஞ்சில் கடிதம் போகவேண்டும், உள்ளூர் ஆபீசுக்குத் தமிழில் போகவேண்டும். பிரெஞ்சில் எழுத்துக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு வால் என்று இருக்கும். அதை ஆக்சான் என்பார்கள். ஆக்சான் விட்டுப்போனால் பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடும். "என் பேர்ல ஆக்சான் இல்லன்னா அது என் பேரே இல்லம்மா" என்று ஒருவர் கடிதத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினார். பொதுவாகக் கிடைத்த கம்ப்யூட்டர்களில் தமிழும் வராது, ஆக்சானும் சரியாக வராது.

அதற்காக அவன் ஒரு புரோகிராம் எழுதினான். ஒரே கடிதத்தில் பிரெஞ்சும் தமிழும் வரும். பிரெஞ்சுப் பக்கத்தை அவன் பார்த்துக்கொண்டான். தமிழ் எழுத்துகள் என் வேலை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்து கொடுத்தேன், அவன் அதை மெஷினுக்குள் ஏற்றினான். கோலம் போட்டுப் பழகிய கைக்கு அது கஷ்டமாக இல்லை. ஆனால் 'ணை' என்ற எழுத்து மட்டும் என்னைப் படாத பாடு படுத்தியது. முதன்முதலாக என் எழுத்துகள் பிரிண்டரில் கரகரவென்று அடித்து வெளியே வந்தபோது, "உன் கையெழுத்து மாரியே இருக்குது" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் விஷயம் அவன் அம்மாவுக்குத் தெரியும். அந்த அம்மா கெட்டவள் இல்லை. புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவனுக்கு ஒரு சொல்தா வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். பெண்ணுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. கட்டிக்கொண்டால் மாப்பிள்ளையும் பிரான்சுக்குப் போகலாம். அந்தப் பேச்சு வந்தால் எங்கள் ஊரில் யாரும் ஜாதகம்கூட நிதானமாகப் பார்க்கமாட்டார்கள். ஆனாலும் அந்த அம்மா அவனிடம், "தை வரைக்கும் அவங்கள நிறுத்தி வெக்கிறேன். அதுக்குள்ள கடை நெலச்சு நின்னுச்சுன்னா நீ ஆசப்பட்ட மாரியே செஞ்சிக்கோ. இல்லன்னா என் பேச்சக் கேக்கணும்" என்றாள். அவன் சரி என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, பயப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் மெஷினுக்குள் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. காலையில் சிஸ்டம் இருக்கிற பிளாப்பியைப் போடவேண்டும். சதுர அட்டை மாதிரி இருக்கும் அது. சிஸ்டம் போய் மெமரியில் உட்கார்ந்துகொள்ளும். மிச்சம் இருக்கும் இடத்தில் எங்கள் புரோகிராம் உட்காரவேண்டும். அவன் எழுதியது அந்த மிச்ச இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தது. அவனுக்கு அதில் பெருமை.

புரட்டாசி வாக்கில் சென்னையிலிருந்து சர்வீஸ் ஆள் ஒருவர் வந்தார். புது சிஸ்டம் வந்திருக்கிறது, இலவசம் என்று ஒரு பிளாப்பியைக் கொடுத்தார். போட்டுப் பார்த்தோம். எங்கள் புரோகிராமைக் கூப்பிட்டதும் இடம் போதவில்லை என்று திரையில் வந்தது. அவன் விடவில்லை.

"புதுசுல என்னா சார் அதிகமா செய்யுது?"

"நெறைய செய்யுது சார்."

"எங்களுக்கு என்னா செய்யுது?"

அந்த ஆள் கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கு ஒண்ணும் செய்யாது சார்" என்று சிரித்தார்.

"அப்பறம் எதுக்கு எங்க எடத்தத் தின்னுது?"

"புது மெஷின் வாங்கிட்டீங்கன்னா எடம் தாராளமா இருக்கும். இந்த மாடல்ல மெமரி இதுக்கு மேல ஏத்த முடியாது. சேதராப்பட்டு கம்பெனிங்க எல்லாம் மாத்திட்டாங்க. பழசே ஓடிக்கினு இருந்தா நாங்க எப்படி சார் பொழைக்கிறது?"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் ஒருவர்தான் இந்த விஷயத்தில் உண்மையைப் பேசினார். நாங்கள் பழைய பிளாப்பியையே போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தோம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. அவன் அம்மா தானாகவே கடைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அதுவரைக்கும் அவள் மாடிப்படி ஏறியதில்லை. நான் முதல் நாளே தரையைக் கழுவி விட்டேன். மறுநாள் பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அந்த அம்மா பொரி, கடலை, வாழைப்பழம், குழைத்த சந்தனம் எல்லாம் கொண்டுவந்தாள். மெஷின், பிரிண்டர், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள். சிஸ்டம் பிளாப்பியும், அதற்கு நாங்கள் எடுத்து வைத்திருந்த நகலும் காகித உறையில் இருந்தன.

"இதுவும் ஆயுதந்தானே? உறையோட வெச்சா சாமி எப்படிப் பாக்கும்?" என்று உருவித் தட்டில் வைத்தாள்.

அந்தக் காலத்துப் பிளாப்பியில் நடுவே நீளமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கிற தட்டு அந்த வழியாகத் தெரியும். மெஷின் அங்கேதான் படிக்கும், கை படக் கூடாது. பார்த்தால் பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் மாதிரி இருக்கும். அவன் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் வாங்கக் கீழே போயிருந்தான். அந்த அம்மா ஒவ்வொரு திறப்பிலும் சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமத்தை அழுத்தினாள். நான் அதைக் கவனிப்பதற்குள் திரும்பி அதே விரலால் என் நெற்றியிலும் வைத்தாள். "நல்லா இரும்மா" என்றாள். எனக்கு முன்னால் இருந்ததெல்லாம் கலங்கித்தான் தெரிந்தது.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் எடுத்தபோது சந்தனம் காய்ந்து பிளாப்பியின் உள்தட்டோடு ஒட்டியிருந்தது. அவன் பஞ்சை நனைத்துத் துடைத்தான். மெஷினில் போட்டால் மணலை அரைக்கிற மாதிரி சத்தம் வந்தது. நகலும் அதே கதிதான். அவனுடைய புரோகிராம் பிளாப்பி எப்போதும் அவன் பையிலேயே இருக்கும், அது தப்பித்தது. பழைய சிஸ்டம் மட்டும் போய்விட்டது. அம்மாவிடம் அவன் கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது?

சென்னைக்கு எழுதினோம். பழசு இப்போது வருவதில்லை, புதுசுதான் இருக்கிறது என்று பதில் வந்தது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அதே பழைய பிளாப்பி இருந்ததாகக் கேள்விப்பட்டு அவன் பஸ் பிடித்துப் போனான். புது மெஷின் வந்ததும் அதை அழித்துவிட்டு அதிலேயே சரக்குக் கணக்கை ஏற்றிவிட்டார்களாம். தெரிந்த இடத்தில் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து சட்டை வியர்வையோடு மெஷின் முன்னால் உட்காருவான்.

வேறு வழியில்லாமல் புது சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டு தன்னுடையதை இளைக்க வைக்க ஆரம்பித்தான். வரவேற்பு வாசகத்தை எடுத்தான். தப்பு நடந்தால் எச்சரிக்கிற வரிகளை எடுத்தான். அழகுக்குப் போட்டிருந்த கட்டங்களை எடுத்தான். ஒவ்வொரு தடவையும் இடம் போதவில்லை என்றே வந்தது. "எவனோ ஒருத்தன் கொழுப்பெடுத்து எழுதறதுக்கு நான் பட்டினி கெடக்கறேன்" என்றான். நான் டைப்ரைட்டரில் கடிதம் அடித்து, ஆக்சானைக் கறுப்புப் பேனாவால் கையில் போட்டுக் கொடுத்தேன். பெரியவர்கள் கோணலாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

தை பிறந்தது. அவன் அம்மா எங்களிடம் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் என்னாம்மா செய்வேன், ரெண்டு பொண்ணு நிக்குது" என்றாள். போய் வாருங்கள் என்று சொன்னேன். நிச்சயம் ஆன அன்றிலிருந்து அவன் கடைக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

என் அக்கா பிள்ளைகளின் கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டும் என்றால் என்ன சொல்வது? விற்பதற்காகவே ஊதிவிட்டார்களா? விற்கிறவருக்கு அது வசதியாக இருந்தது, அதை என் காதால் கேட்டேன். அந்தப் புது சிஸ்டத்தை எழுதியவன் அதை நினைத்து எழுதினானா என்று எனக்குத் தெரியாது. இடம் தாராளமாக இருக்கிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியிருப்பான். காந்தி வீதி மாடியில் இரண்டு பேர் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? இப்படி யோசித்து யோசித்துக் கோபத்தை வைக்க ஓர் ஆள்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

பிரான்சுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் அவன் வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான், விரலில் மோதிரம் இருந்தது. பையிலிருந்து பிளாப்பியை எடுத்து மெஷினில் போட்டான். புரோகிராம் வந்து உட்கார்ந்தது. இடம் போதவில்லை என்ற வரி வரவில்லை. ஒரு கடிதம் அடித்துக் காட்டினான், ஆக்சான் எல்லாம் அச்சாக வந்தது.

"எப்போ செஞ்சீங்க?"

"ஞாயித்துக்கெழமைல நீ வரமாட்டல்ல. எங்கிட்ட சாவி இருந்துச்சு. வந்து வந்து பாத்துட்டுப் போவேன். பென்ஷன்காரங்க திரும்ப வருவாங்க, நீ பொழச்சிக்குவ."

கல்யாணம் பேசி முடித்த பிறகும் வந்திருக்கிறான். எனக்காக வந்திருக்கிறான். அவனைக் கட்டிக்கொண்டு அழவா, அடித்து வெளியே துரத்தவா என்று தெரியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எதை எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அவன் சாவியை மேஜைமேல் வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. "மத்ததெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன், பத்தல. கடைசில உன்னுதுதான் இருந்துச்சு. தமிழ எடுத்துட்டேன்."

மாடிப்படியில் அவன் இறங்குகிற சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வயசான அம்மா ஒருத்தி வந்தாள். உழவர்கரையிலிருந்து நடந்தே வந்தேன் என்றாள். மகன் பாரீசில் இருக்கிறானாம், கடிதம் போட்டு நாளாகிறதாம். கம்ப்யூட்டரில் அழகாகத் தமிழில் அடித்துக் கொடுப்பீர்களாமே என்று கேட்டாள். என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன்.

"வந்துருடான்னு எழுதும்மா, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"இந்த மெஷின்ல தமிழ் வராதும்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரவாயில்லை கண்ணு, கையாலேயே எழுதிக் கொடு என்று என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.