பின்குரல் அக்கா வாய் மூடிய மாலை

மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி. பதினேழு வருடமாக அவள் இடம் அதுதான். மடியில் நாடகப் பிரதி. வசனம் நின்றால் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். மூன்றில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். குழுவில் எல்லாருக்கும் பின்குரல் அக்கா.

நாடகம் பழைய நகைச்சுவை. கல்யாணமே வேண்டாம் என்று வாயாடுகிறவள், கடைசி அங்கத்தில் தான் குத்திக்காட்டிய கதாநாயகனுக்கே சம்மதிக்கிறாள். அதுவரை சிரிப்பில் குலுங்கிய அரங்கம் அந்த இடத்தில் கப்சிப். இன்றும் எடுபடாவிட்டால் நாளையிலிருந்து வேறு ஆள் என்று புதுக் கதாநாயகியிடம் இயக்குநர் சொல்லிவிட்டார்.

"அவ எந்த எடத்துல மாறுறா, அக்கா? தெரிஞ்சா நடிச்சிடுவேன்," என்றாள் அந்தப் பெண், முகப்பூச்சு காய்வதற்குள்.

அக்காவுக்குப் பிரதி முழுக்க மனப்பாடம். இது மட்டும் தெரியவில்லை.

விளக்குப் பொறுப்பிலிருந்த கணவர் தேநீரோடு வந்தார். "அந்தப் பொண்ணு..."

"பாவம்தான்."

"இல்ல, ரெண்டாவது..."

"ரெண்டாவது வெளக்கு எரியலையா?"

அவர் தம்ளரை வைத்தார். "கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு பேச்ச நான் முழுசா முடிச்சதில்ல. அவளயும் விடமாட்டேங்கிற. ரெண்டாவது அங்கத்துல அவன் 'சாப்பிட்டியா'ன்னு கேக்குறான். அவளுக்குப் பதில் வரல. மேலேருந்து பாத்தா மூஞ்சி தெரியுது. அதுக்குள்ள நீ குடுத்துடுற."

அக்கா பக்கத்தைப் புரட்டினாள். ஓரத்தில் அவள் பென்சில்குறி: 'இங்கே நிற்பார்கள். உடனே கொடு.' இதற்கு முன் நடித்த நான்கு பேரும் அங்கேதான் நின்றார்கள். அது மறதியே இல்லை. வாயாடிக்கு முதன்முதலாக வார்த்தை கிடைக்காத இடம்!

மணி அடித்துவிட்டது. கதாநாயகியின் பின்னால் ஓடினாள். "அவன் சாப்பிட்டியான்னு கேக்குற எடத்துல நான் குடுக்க மாட்டேன். வர்றப்ப வரட்டும்."

இரண்டாம் அங்கம். "சாப்பிட்டியா?"

கதாநாயகி நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. அக்கா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்ப்பக்கம் இயக்குநர் 'எடுத்துக் கொடு' என்று கையை வீசினார். ஏழு. எட்டு. அரங்கில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. பதினொன்று.

"ஒங்களக் கேட்டுட்டுத்தான் எனக்குப் பசிக்கணுமா?"

அதே குத்தல் வசனம். குரல்தான் பாதியில் இறங்கிவிட்டது. யாரோ மெல்லச் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். கடைசி அங்கத்தில் அவள் 'சரி' சொல்வதற்கு முன்பே கைதட்டல் கிளம்பியது.

நாளை எத்தனை மணிக்கு ஒத்திகை என்று இயக்குநர் கதாநாயகியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் ஏணியிலிருந்து இறங்கினார்.

"இன்னைக்கு..." என்றார்.

அக்கா எண்ணினாள். ஒன்பது வரை போயிற்று.

"...ரெண்டாவது அங்கம் முடிஞ்சும் வெளக்க அணைக்க மறந்து நின்னுட்டேன்."