வந்து சேராத பிறந்த இடம்

இலங்கையில், கண்டியை ஒட்டிய பல்லேகலைத் தேநீர்க்கடையில் பாலைக் காய்ச்சுவதே இல்லை. பால்மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டு, கொதிநீர் ஊற்றி, நுரைக்க ஆற்றித் தருகிறார்கள். நான் வந்து ஒரு வருடமாகப் போகிறது, நாக்கு இன்னும் கோத்தகிரிப் பாலையே தேடுகிறது. கடைக்காரர் முதல் நாளே "இந்தியாவா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோத்தகிரியில் யாராவது வழி கேட்டால் எங்கள் வீட்டைச் 'சிலோன்காரங்க வீடு' என்றுதான் காட்டுவார்கள். அம்மா கண்டிக்கு அப்பால் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் தோட்டத் தமிழர்களைப் பங்கு போட்டுக்கொண்டபோது, சிறுமியாக இருந்தவளைக் குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். அவள் விட்டுப்போன பக்கத்துக்கே நான் சாப்ட்வேர் வேலைக்கு வந்து, அறை எடுத்து, தனியாகப் பொங்கித் தின்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாய்ந்துவிடும்.

போன வாரம் ஆஸ்பத்திரிகளுக்கான ஒரு செயலியில் வேலை. நோயாளியின் விவரம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அதை வெறும் எழுத்தாக்கி அனுப்பி, அந்தப் பக்கத்தில் பழையபடி கட்டி நிறுத்த வேண்டும். அதற்கான நிரலை முன்பெல்லாம் கையால் எழுதி மாரடிப்போம். இப்போது ஒவ்வொரு விவரத்துக்கும் மேலே அனொட்டேஷன் என்ற சின்னக் குறியை வைத்தால் போதும், மீதி நிரலைக் கருவியே எழுதிக்கொள்ளும். குறி இல்லாததை அது திரும்பியும் பார்க்காது. சோதித்துப் பார்க்க அம்மாவின் விவரங்களைப் போட்டு அனுப்பினேன். பெயரும் வயதும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. பிறந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

பக்கத்து மேசை ரிஸானா, கண்டிப் பக்கத்துக் கம்பளை ஊர்க்காரி, எட்டிப் பார்த்தாள்.

"பிறந்த எடத்துக்கு மேல ஒண்டும் போடல்லயே. அதான் போகல்ல."

குறியை வைத்து மறுபடி அனுப்பினேன். மடுல்கெல்ல என்று வந்து நின்றது.

"இது எங்கட பக்கமாச்சே! நீங்க இந்தியா எண்டுதானே சொன்னீங்க?"

கதையைச் சொன்னேன். அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்ப உம்மாவக் கூட்டிட்டு வாங்களேன். விசிட் விசா லேசா எடுக்கலாம்."

அன்று மாலையே கோத்தகிரிக்குப் போன் போட்டேன். அம்மா வந்து ஒரு மாதம் இந்த அறையில் என்னோடு இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது.

"விசாவா?" என்றாள் அம்மா. "நான் பொறந்த ஊருக்கா?"

"ஒரு மாசந்தானேம்மா. எனக்கும் தனியா இருக்கு."

"போன்னு அனுப்பிவிட்டவங்க வீட்டுக்கு விருந்தாளியா வரச் சொல்றியா? நான் வரலப்பா."

பிறகு அவளே, "சரி, ஒங்க ஊர்ல மழையா?" என்று கேட்டாள். பல்லேகலை மழையை ஜன்னல் வழியே பார்த்தபடி ஆமாம் என்றேன்.

மறுநாள் ரிஸானா ஆவலோடு வந்து, அம்மா எப்போது வருகிறார் என்று விசாரித்தாள். உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, மெதுவாகப் பேச்சை மாற்றினாள்.

"ஒங்கட ஊர்ல இப்ப மழையா?"

அவள் கேட்டது கோத்தகிரியை. அவளிடமும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.